சேடத்தி கடை மஞ்சள் சாட்டின்

உங்களில் யாருக்காவது கொச்சியில், மட்டாஞ்சேரிப் படகுத்துறைக்குப் போகிற சந்தில் இருந்த பழந்துணிக் கடை நினைவிருக்கிறதா? இருக்க வாய்ப்பில்லை. ஆயிரத்துத் தொள்ளாயிரத்து அறுபது பிறப்பதற்கு முன்பே அது எரிந்துபோய்விட்டது. எரிந்ததில் எனக்குப் பங்கு உண்டு. இந்த வயதுக்கு மேல் இதையெல்லாம் மறைத்து என்ன ஆகப்போகிறது என்றுதான் இப்போது சொல்கிறேன்.

எனக்கு அப்போது ஒன்பது வயது. அப்பா மிளகுக் கிட்டங்கியில் எடை பார்ப்பவர். சாயங்காலம் அவர் சட்டையைக் கழற்றி உதறினால் வீட்டில் எல்லோரும் தும்முவோம். அம்மாவிடம் கையால் சுற்றுகிற ஒரு தையல் மெஷின் இருந்தது. எங்கள் மூவருக்கும், எங்களோடு இருந்த சித்திக்கும், சித்தியின் கைக்குழந்தைக்கும் உடுப்பெல்லாம் அதில்தான். சித்தப்பாவுக்குப் பம்பாயில் வேலை. புதுத்துணி என்பது வருஷத்துக்கு ஒரு முறை. மற்றபடி எல்லாம் சேடத்தி கடைத் துணிதான்.

கிறிஸ்தவ வீட்டு மூத்த பெண்களை அங்கே சேடத்தி என்றுதான் கூப்பிடுவோம். அவளுக்கு வேறு பேர் இருந்திருக்கும்; எனக்குத் தெரியாது. வெள்ளைச் சட்டை, வெள்ளை முண்டு, காதில் கனத்த வளையம். முகம் முழுக்க அம்மைத் தழும்பு. இடது கண் வெளுத்துப் போய் அசையாமல் இருக்கும். அவள் என்னைப் பார்க்கிறாளா, வேறெங்கோ பார்க்கிறாளா என்று எனக்கு ஒருபோதும் தெரிந்ததில்லை. அதனாலேயே அவள் கடைக்குள் போகும்போது அம்மாவின் முந்தானையைச் சுருட்டிப் பிடித்துக்கொள்வேன்.

கடை ஒரு பழைய கிட்டங்கியின் பாதி. வெயிலிலிருந்து உள்ளே போனால் கொஞ்ச நேரம் கண்ணே தெரியாது. நாப்தலின் உருண்டை, உப்புத் தண்ணீர், பழைய வியர்வை, பக்கத்துக் கிட்டங்கியின் சுக்குத் தூசி எல்லாம் கலந்த ஒரு வாசனை முதலில் வரும். பிறகுதான் உருவங்கள் தெரியும். கப்பல் அறைகளிலிருந்து கழற்றிப்போட்ட திரைச்சீலைகள். தண்ணீர் பட்டுக் கெட்டுப்போன துணிக்கட்டுகளின் கெடாத பாதி. தையல்காரர்கள் வெட்டி ஒதுக்கிய துண்டுகள். ஊரைவிட்டு வெளிநாடு போன குடும்பங்கள் விட்டுப்போன மேசைவிரிப்புகள். உத்தரத்திலிருந்து வரிசையாகத் தொங்கிய கோட்டுகள். காற்றடித்தால் அந்தக் கோட்டுகள் கையை ஆட்டும். யாரோ இருந்த உடம்பின் வளைவு அவற்றில் அப்படியே இருக்கும். நான் தலையைக் குனிந்துகொண்டு அவற்றைத் தாண்டுவேன்.

அம்மாவுக்குப் பயமே கிடையாது. குவியலுக்குள் முழங்கை வரை விட்டுத் துழாவுவாள். ஒரு துணியை எடுத்தால் முதலில் முகர்ந்து பார்ப்பாள். வாசல் வெளிச்சத்தில் பிடித்து நூல் இற்றிருக்கிறதா என்று பார்ப்பாள். இரண்டு கட்டைவிரலாலும் இழுத்துப் பார்ப்பாள். பிறகு ஓரத்து மடிப்பில் நாலு தையலைப் பிரிப்பாள். வெளியே வெளுத்துப்போன திரைச்சீலைக்கு மடிப்புக்குள்ளே முதல் நாள் நிறம் அப்படியே இருக்கும். "பாத்தியா, இதான் இதோட நெசக் கலரு," என்று காட்டும்போது அம்மாவின் முகத்தில் வருகிற சந்தோஷம் வேறு எதற்கும் வந்து நான் பார்த்ததில்லை.

சேடத்தி ஒரு தராசை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பாள். ஒரு முழத் துண்டைக்கூட நிறுக்காமல் தரமாட்டாள். எந்தத் துணியானாலும் எந்த வீட்டிலிருந்து வந்தது என்று சொல்வாள். வீட்டுத் துணி என்றால் சோடா உப்புப் போட்டுக் காய்ச்சி, இரண்டு நாள் வெயிலில் போட்ட பிறகுதான் கடைக்குள்ளேயே வரும். பின்கட்டில், காயலைப் பார்த்த படியருகே, எப்போதும் ஒரு பெரிய அண்டா கொதித்துக்கொண்டிருக்கும். காய்ச்சாத மூட்டைகள் கயிறு கட்டியபடி அங்கேயே கிடக்கும். அதைத் தொடக்கூடாது.

அந்த வருஷம் மாசி பிறந்ததும் ஊரில் பேச்சு தாழ்ந்தது. அக்கரைத் தீவான வைப்பினில் வைசூரி, அதாவது பெரியம்மை, என்றார்கள். அந்தப் பேரை யாரும் உரக்கச் சொல்லவில்லை. 'அது' என்பார்கள். 'அது வந்த வீட்டில் சோறு கொடுக்கக்கூட ஆளில்லையாம்' என்பார்கள். பெரியவர்கள் இப்படிக் குரலைத் தாழ்த்திக்கொள்வதைப் பார்ப்பது, உங்களுக்கே தெரியும், எதையும்விடப் பயமாக இருக்கும்.

அம்மை குத்துகிறவர் தெருவுக்கு வந்தார். அந்தத் திருகு ஊசியை விளக்கில் காட்டி ஆற்றி, கையில் வைத்து ஒரு சுற்றுச் சுற்றுவார். நம் எல்லோர் கையிலும் இன்னும் அந்தத் தழும்பு இருக்கிறது. எனக்கு இரண்டாம் முறையாகக் குத்தினார்கள். நான் அலறிக்கொண்டிருந்தபோது சித்தி குழந்தையைத் தூக்கிக்கொண்டு அரிசி மூட்டைகளுக்குப் பின்னால் போய் உட்கார்ந்துகொண்டாள்.

"குட்டி இல்லையா இந்த வீட்டுல?" என்று அவர் கேட்டார்.

"இல்ல சார். பாலக்காட்டுக்குப் போயிருக்கு, அவங்க அப்பா வீட்டுக்கு," என்றாள் அம்மா, முகம் மாறாமல்.

அவர் போன பிறகு சித்தி வெளியே வந்து, "பச்சக் குழந்தைய யாராவது கீறுவாங்களா?" என்று அதை முத்தமிட்டாள். அது சிரித்தது. அம்மாவும் சிரித்தாள்.

குழந்தைக்குச் சோறூட்டு ஆறாம் மாதத்தில் நடந்திருக்க வேண்டும். சித்தப்பாவுக்கு லீவு கிடைக்கும் கிடைக்கும் என்று எட்டாம் மாதம் வரை தள்ளிப்போனது. கடைசியில் அவர் வராமலே கோயிலில் நடத்திவிடலாம் என்று முடிவாயிற்று. அம்மா சேடத்தி கடையில் ஒரு வெள்ளை மல் துணியைப் பார்த்து எடுத்துவைக்கச் சொல்லியிருந்தாள். சனிக்கிழமை காலை அதை வாங்கிவர என்னைத் தனியாக அனுப்பினாள்.

அதுவரை நான் அங்கே தனியாகப் போனதில்லை. கோட்டுகளைத் தாண்டிப் பின்கட்டுக்குப் போனேன். சேடத்தி அண்டாவில் கோலால் கிளறிக்கொண்டிருந்தாள். அவள் காலடியில், அப்போதுதான் படகிலிருந்து இறங்கிய ஒரு மூட்டை கிடந்தது. கயிற்றின் இடுக்கில் ஒரு மஞ்சள் துணி பிதுங்கிக்கொண்டிருந்தது. சாட்டின். எலுமிச்சையும் இல்லாத, மாம்பழமும் இல்லாத ஒரு மஞ்சள். நான் என்னை அறியாமலே கையை நீட்டிவிட்டேன்.

"மோளே, அத தொடவேண்டா," என்றாள் சேடத்தி. "காய்ச்சினதில்ல அது. நில்லு, உன் அம்மாவுக்குள்ளத எடுத்துட்டு வரேன்."

அவள் உள்ளே போய் மல் துணியைக் கொண்டுவந்து என் கையில் கொடுத்தாள். பிறகு சுற்றித்தர பேப்பர் இல்லை என்று மறுபடி உள்ளே போனாள். அந்த நேரம் போதுமாக இருந்தது. நான் மஞ்சள் துணியைப் பிடித்து இழுத்தேன். அது சத்தமே இல்லாமல், தண்ணீர் மாதிரி வழுக்கிக்கொண்டு வந்தது. நினைத்ததைவிடப் பெரிய துணி. மல்லுக்குள் மடித்துத் திணித்தேன். அவள் பேப்பரோடு வந்து அதைச் சுற்றினாள். அந்த வெள்ளைக் கண் என் நேரே இருந்தது. பார்த்துவிட்டாள் என்று நினைத்தேன். பார்க்கவில்லை.

வீடு வரை ஓடினேன்.

"இது என்னடி?" என்றாள் அம்மா.

"பாப்பாவுக்குன்னு சேடத்தி தந்தா."

அம்மா என்னைப் பார்த்தாள். பிறகு துணியைப் பார்த்தாள். முகர்ந்தாள். விரல் நுனியால் தடவினாள். "சாட்டினு. காய்ச்சினா மினுக்கு போயிரும்," என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டு, அரை நாள் கொடியில் வெயிலுக்குப் போட்டாள். மத்தியானம் மெஷினில் உட்கார்ந்துவிட்டாள்.

மறுநாள் ஞாயிற்றுக்கிழமை, கோயிலில் எல்லோரும் குழந்தையைத்தான் பார்த்தார்கள். இடுப்பில் சுருக்கம் வைத்த, கழுத்தில் வெள்ளை மல் பட்டி வைத்த மஞ்சள் கவுன். எதிர்வீட்டு மாமி, "எவ்விடுந்நா இந்தத் துணி?" என்று நாலு முறை கேட்டாள். மிஞ்சிய துண்டில் அம்மா எனக்கு ஒரு ரிப்பன் வெட்டிக் கொடுத்தாள். அன்று சாயங்காலம் வரை நான் சந்தோஷமாக இருந்தேன். அந்தப் பருவத்தில் கடைசியாகச் சந்தோஷமாக இருந்தது அன்றுதான்.

திங்கட்கிழமை பள்ளிக்கூடத்தில் என் பக்கத்தில் உட்காருகிற பெண் சொன்னாள். அவள் அப்பா படகு வலிக்கிறவர்.

"சேடத்திக்கு வைப்பின்லேர்ந்து மூட்ட வந்திருக்கு. அப்பனோட படகுலதான். வைசூரி வந்து செத்த வீட்டுத் துணியாக்கும்."

"எப்ப?"

"சனியாழ்ச்ச."

என் தலையில் ரிப்பன் இருந்தது. அது திடீரென்று சூடாகி மண்டைக்குள் இறங்குவது போலிருந்தது. ஒன்றுக்குப் போகவேண்டும் என்று சொல்லி வெளியே வந்தேன். ரிப்பனை அவிழ்த்தேன். எங்கே போடுவது? குப்பையில் போட்டால் யாராவது எடுப்பார்கள். படகுத்துறை வரை ஓடிப்போய் காயலில் எறிந்தேன். அது முழுகவில்லை. ஒரு மஞ்சள் பாம்பு மாதிரி நெளிந்து மிதந்தது. வேலியேற்றம், கடல் தண்ணீர் காயலுக்குள் ஏறுகிற நேரம். தண்ணீர் அதை மெல்ல மெல்லப் படிக்கே திருப்பிக் கொண்டுவந்தது. ஒரு குச்சியால் தள்ளினேன். மறுபடி வந்தது. அழுதுகொண்டே தள்ளித் தள்ளிப் பார்த்துவிட்டு, அதை அங்கேயே விட்டுவிட்டு ஓடினேன்.

ரிப்பன் எங்கே என்று அம்மா கேட்கவில்லை.

அதற்குப் பிறகு வந்த நாட்களை எப்படிச் சொல்வது? பள்ளிக்கூடம் விட்டதும் ஓடிவந்து குழந்தையின் சட்டையைத் தூக்கி வயிற்றைப் பார்ப்பேன். அக்குளைப் பார்ப்பேன். கொசு கடித்திருந்தால்கூட எச்சில் தொட்டுத் தேய்த்துப் பார்ப்பேன். சித்தி என்னைக் காட்டி, "அக்காவுக்குப் பாப்பா மேல உயிரு," என்று பெருமையாகச் சொல்வாள். சொல்லிவிடலாம் என்று தினமும் நினைப்பேன். சொன்னால் முதலில் திருட்டைச் சொல்ல வேண்டும். திருட்டைச் சொன்னால் அப்பா என்ன செய்வார் என்று தெரியாது. அவர் என்னை ஒருபோதும் அடித்ததில்லை. அதனாலேயே அந்தப் பயத்துக்கு ஒரு அளவில்லாமல் இருந்தது. ஒரு வாரம் போயிற்று. ஒன்றும் ஆகவில்லை. கொஞ்சம் மூச்சு விட்டேன்.

பத்தாம் நாள் குழந்தைக்குக் காய்ச்சல்.

இருமல், மூக்கொழுகல், கண் சிவந்து பீளை. மூன்று நாள் பால் குடிக்கவில்லை. நான்காம் நாள் காலை சித்தி அதை மடியில் போட்டுக்கொண்டு, "அக்கா," என்று அம்மாவைக் கூப்பிட்டாள். அந்தக் குரல் மாதிரி ஒரு குரலை நான் கேட்டதில்லை. காதுக்குப் பின்னால் தொடங்கி முகமெல்லாம் சிவப்புச் சிவப்பாகப் பரவியிருந்தது.

எதிர்வீட்டு மாமி வாசலிலேயே நின்றுவிட்டாள். உள்ளே வரவில்லை. கொடியில் காய்ந்துகொண்டிருந்த மஞ்சள் கவுனைக் காட்டி, "அன்னிக்கே கேட்டேனே, இது எவ்விடத்து துணின்னு," என்றாள்.

"சேடத்தி தந்தது," என்றாள் அம்மா.

"வைப்பின் மூட்டையோ?"

அம்மா கவுனைக் கம்பால் எடுத்து அடுப்பில் போட்டாள். சாட்டின் எரியும்போது வந்த நாற்றம் அன்று முழுவதும் வீட்டில் இருந்தது.

மத்தியானத்துக்குள் தெருவில் பத்துப் பன்னிரண்டு ஆண்கள் சேர்ந்துவிட்டார்கள். அப்பாவையும் கிட்டங்கியிலிருந்து கூட்டிவந்தார்கள். அப்பா என் கையைப் பிடித்துக்கொண்டார். "நீயும் வா. வாங்கினது நீதானே," என்றார்.

உச்சி வெயில். சேடத்தி கடை வாசலில் பொத்தான் டப்பாவை மடியில் வைத்துக்கொண்டு, கிழிந்த சட்டை ஒன்றிலிருந்து பொத்தான்களை அறுத்துக்கொண்டிருந்தாள். கூட்டத்தைப் பார்த்து எழுந்தாள்.

"என் வீட்டுக் குழந்தைக்கு அம்மை போட்டிருக்கு," என்றார் அப்பா. "காய்ச்சாத துணியக் குடுத்திருக்கீங்க."

"நானோ? ஏது துணி?"

"மஞ்ச சாட்டின்."

அவள் முகத்தில் ஏதோ ஓடியது. பின்கட்டைத் திரும்பிப் பார்த்தாள். "அது வைப்பின்லேர்ந்து ஏலூருக்கு மாறிப்போன வீட்டுத் துணியாணு. அந்த வீட்டுல நோவு சூக்கேடு ஒண்ணும் இல்ல. ஆனா நான் அத ஆருக்கும் குடுத்தில்ல. காணோமேன்னு நானே தேடிட்டிருந்தேன்." பிறகு என்னைப் பார்த்தாள். இந்த முறை எந்தக் கண்ணால் பார்க்கிறாள் என்று சந்தேகமே இல்லை. "குட்டியிடம் கேளுங்க," என்றாள்.

எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். அப்பா குனிந்தார். "சத்தியம் சொல்லு. சேடத்தி தந்தாளா?"

இத்தனை வருஷமாக அந்த இடத்தில் வேறு பதில் சொல்லிப் பார்த்திருக்கிறேன். அன்று என் வாயிலிருந்து வந்தது, "தந்தா."

யாரோ சேடத்தியை ஒதுக்கித் தள்ளினார்கள். துணியை வாரி வாரிச் சந்தில் போட்டார்கள். கிரசின் எங்கிருந்து வந்தது என்று தெரியாது. காற்று கடலிலிருந்து அடித்தது. தீ வாசல் பலகையைப் பிடித்து உத்தரத்துக்கு ஏறியது. வரிசையாகத் தொங்கிய கோட்டுகள் ஒவ்வொன்றாகக் கையைத் தூக்கிக்கொண்டு எரிந்து விழுந்தன. நான் அப்பாவின் வேட்டியில் முகத்தைப் புதைத்துக்கொண்டேன். கொளுத்துங்கள் என்று அவர் சொல்லவில்லை. வேண்டாம் என்றும் சொல்லவில்லை. சேடத்தி மட்டும், அந்தப் பொத்தான் டப்பாவை மாரோடு பிடித்துக்கொண்டு, எரிவதைப் பார்த்துக்கொண்டு நின்றாள்.

மறுநாள் காலை நகரசபைச் சுகாதார அதிகாரி வந்தார். குழந்தையின் கண்ணை விரித்துப் பார்த்தார். வாய்க்குள் டார்ச் அடித்துப் பார்த்தார். கையைக் கழுவிக்கொண்டு சொன்னார்: "இது அஞ்சாம்பனி. உங்க தமிழ்ல தட்டம்மை. மூக்கு ஒழுகுது, கண்ணு சிவந்திருக்கு, கண்டா அறியாதா? கோயில் கூட்டத்துல ஏதாவது குட்டிகிட்டருந்து பிடிச்சிருக்கும்."

"வைப்பின்ல..." என்று அப்பா தொடங்கினார்.

"வைப்பின்ல வைசூரியே இல்ல. ரெண்டு வீட்டுல சிக்கன்பாக்ஸ். ஆள்க்காரங்க வெறுதே பேடிச்சு, பயந்து ஓடறாங்க." அவர் குழந்தையின் கையைப் புரட்டினார். "இதுக்குக் குத்தலையா?"

சித்தி தலையைக் குனிந்துகொண்டாள். குழந்தை தேறியதும் அவளே அதைத் தூக்கிக்கொண்டு போய் அம்மை குத்துகிற வரிசையில் நின்றாள்.

குழந்தை இரண்டு வாரத்தில் பழையபடி சிரித்தது. தெருவில் யாரும் கடையைப் பற்றிப் பேசவில்லை. எதிர்வீட்டு மாமி பேசவில்லை, அம்மா பேசவில்லை. அப்பா ஒரு ஞாயிற்றுக்கிழமை சேடத்தி வீட்டுக்குப் போனதும், அவள் கதவு திறக்கவில்லை என்பதும் எனக்குப் பின்னால்தான் தெரிந்தது. முகம் நிறைய அம்மை வடுவோடு அவள் அத்தனை வருஷமாகத் துணியைக் காய்ச்சிக்கொண்டிருந்தாளே, வைசூரி என்றால் என்னவென்று அந்தக் கூட்டத்திலேயே தெரிந்தவள் அவள் ஒருத்திதான் என்று அங்கே ஒருவருக்கும் தோன்றவில்லை.

சித்திரையில் ஒரு நாள் மீன் வாங்க ஜெட்டிப் பக்கம் போனேன். ஓலை நிழலில் ஒரு சாக்கை விரித்து அவள் உட்கார்ந்திருந்தாள். சாக்கின் மேல் பொத்தான்கள், கொஞ்சம் லேஸ் துண்டுகள். ஓடிவிடலாம் என்பதற்குள் பார்த்துவிட்டாள்.

"மோளே."

நின்றேன். திட்டுவாள், கூட்டத்தைக் கூப்பிடுவாள், தலைமுடியைப் பிடிப்பாள் என்று காத்துக்கொண்டு நின்றேன்.

"குட்டிக்கு சுகமாயோ?" என்றாள்.

தலையாட்டினேன். அவள் மறுபடி பொத்தான்களைப் பிரித்து அடுக்கத் தொடங்கினாள். அவ்வளவுதான். மீனும் வாங்காமல் ஓடிவந்துவிட்டேன். அடுத்த மழைக்காலத்துக்குள் அவள் அக்காள் வீட்டுக்கு வைப்பினுக்கே போய்விட்டாள் என்றார்கள். பிறகு நான் அவளைப் பார்க்கவில்லை.

அதற்கப்புறம் எங்களுக்குத் துணி எரணாகுளத்திலிருந்துதான். சனிக்கிழமைகளில் அம்மா என்னைக் கூட்டிக்கொண்டு படகில் அக்கரை போவாள். அங்கே பெரிய கடைகளில் வெட்டி மிஞ்சிய துண்டுகளைக் கூடையில் போட்டு விற்பார்கள். அவற்றை முகர்ந்து பார்க்க ஒன்றுமில்லை, பிரித்துப் பார்க்க மடிப்புமில்லை. அப்படி ஒரு சனிக்கிழமை திரும்பி வரும்போது, வில்லிங்டன் தீவைத் தாண்டுகிற இடத்தில், என்னால் தாங்க முடியவில்லை. படகில் எங்களுக்குப் பக்கத்தில் ஆளில்லை.

"அம்மா, அந்த மஞ்சத் துணிய சேடத்தி தரல. நான் எடுத்துட்டு வந்தேன்."

சொல்லிவிட்டுக் கண்ணை மூடிக்கொண்டேன். அறை விழும் என்று தோள்களைக் குறுக்கிக்கொண்டேன். எஞ்சின் சத்தம் மட்டும் கேட்டது. கண்ணைத் திறந்தால் அம்மா தண்ணீரைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"தெரியும்," என்றாள்.

எனக்குப் புரியவில்லை.

"அவ ஒரு முழத் துண்ட நிறுக்காமக் குடுத்து நான் கண்டதில்ல. ஒரு கவுனு துணிய சும்மா தருவாளா? நீ கொண்டுவந்து நீட்டினப்பவே தெரியும்."

"அப்ப நீ ஏன் சொல்லல?"

அம்மா மடியிலிருந்த துணிப் பொட்டலத்தின் நூலை அவிழ்த்தாள், மறுபடி கட்டினாள்.

"நல்ல துணிடி அது," என்றாள். "அந்த மாதிரித் துணி என் கையில வந்ததே இல்ல."

அப்பாவிடம் சொல்லாதே என்றோ, இனி எடுக்காதே என்றோ அவள் சொல்லவில்லை. அவள் அழவும் இல்லை. அதுவரை சேடத்தியின் கண்ணுக்கும், வைசூரிக்கும், அப்பாவின் கோபத்துக்கும் பயந்திருந்தேன். அம்மாவுக்குப் பயந்தது அன்றுதான் முதல் முறை.

படகு மட்டாஞ்சேரி ஜெட்டியில் இடித்து நின்றது. பலகைக்கும் படிக்கும் நடுவில் தண்ணீர் கறுப்பாக ஏறி இறங்கியது. அம்மா முதலில் இறங்கி, திரும்பி, என் பக்கம் கையை நீட்டினாள். கொஞ்ச நேரம் அந்தக் கையையே பார்த்துக்கொண்டு நின்றேன். பின்னாலிருந்து ஆட்கள் நெருக்கினார்கள். பிடித்துக்கொள்ள எனக்கு அந்தக் கையை விட்டால் வேறு கை இல்லை.